பால் வெட்டியவர் வீட்டுக் காடி

நம் பாடங்களில் ரப்பர் ஓரிடத்தில் வருகிறது. போக்குவரத்து வேறோரிடத்தில் வருகிறது. ரப்பரைக் கற்பிக்கும்போது விக்கம், ரிட்லி, கோலகங்சார் என்னும் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மோட்டார் வண்டியைக் கற்பிக்கும்போது பென்ஸ், ஃபோர்டு என்னும் பெயர்கள் வருகின்றன. இவ்விரு பாடங்களுக்கும் நடுவே மங்கும் உளியும் ஏந்தி ஒரு மக்கள் கூட்டம் நின்றது என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படித்தான் கற்பித்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்படி என்னைச் செய்தது, 1995ஆம் ஆண்டில் நான் வாங்கிய ஒரு பழைய புரோட்டோன் சாகா. எங்கள் குடும்பத்தின் முதல் மகிழுந்து அது.

மகிழுந்து என்னும் சொல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்தான் என் நாவில் பழகியது. தோட்டத்தில் அதற்குக் காடி என்றே பெயர். துரையின் காடி, கிராணியின் காடி, டாக்சிக் காடி என்றுதான் கேட்டு வளர்ந்தோம். தூய சொல்லை மாணவர்க்குக் கற்பிக்கும் கடமை எனக்கு உண்டு. ஆயினும் எங்கள் வீட்டுக்கு வந்தது காடிதான். இக்கட்டுரையில் அச்சொல்லையே பெரிதும் ஆள்கிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

சிங்கப்பூர்க் கரையில் முதல் மோட்டார் வண்டி இறங்கிய ஆண்டு 1896. ஜெர்மனியில் செய்யப்பட்ட பென்ஸ் வண்டி அது. அது எழுப்பிய ஓசையைக் கேட்டவர்கள் அதற்குக் காப்பி இயந்திரம் என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். அதே 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர், விற்பனையை நோக்கமாகக் கொண்டு ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவரை நடத் தூண்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி. சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, காணும் தோட்டக்காரர்களிடமெல்லாம் நடும்படி வற்புறுத்தியதால் அவரைப் பித்துப்பிடித்த ரிட்லி என்றார்கள். மரத்தைச் சாகவிடாமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பியவரும் அவரே. அம்முறை இல்லையேல் என் பாட்டனாருக்கு இந்நாட்டில் வேலை இல்லை.

காடியும் கித்தாக் கன்றும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். ஆனால் பின்னால் நடந்தது தற்செயலன்று. 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றிருந்தார். 1908ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி என்னும் காடியை வெளியிட்டது. 1927ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட காடிகள் செய்யப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் டயர் வேண்டும். டயர் தேய்ந்தால் வேறு டயர் வேண்டும். 1910ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ரப்பர் விலை முன் எப்போதும் இல்லாத உயரத்துக்கு ஏறியது. காப்பி பயிரிட்டு நட்டப்பட்டிருந்த தோட்டக்காரர்கள் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். காடு அழிந்தது. ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தஞ்சைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் சென்றார்கள். 1920ஆம் ஆண்டையொட்டி உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. அதில் பெரும்பங்கு அமெரிக்காவில் டயராக உருண்டது.

தோட்டங்களுக்குச் சாலை வேண்டியிருந்தது. பொதுப்பணி இலாகாவில் கல் உடைத்தவர்களும் தார் ஊற்றியவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. டயருக்குப் பால் எடுத்தவரும் தமிழர், அந்த டயர் உருளச் சாலை போட்டவரும் தமிழர், அந்தக் காடியைத் துரைக்கு ஓட்டியவரும் பல இடங்களில் தமிழர். பின்னிருக்கையில் அமர்ந்தவர் மட்டும் வேறொருவர். காடியின் விலையைத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுவதே இல்லை. 1930ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தின்போது, ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலியை 40 காசாகக் குறைத்தார்கள். வேலையிழந்த பல்லாயிரவர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

என் தாத்தா 1937ஆம் ஆண்டில் ரஜூலா கப்பலில் வந்தவர். அடுத்த ஆண்டே இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. ஆகவே அவர் ஏறக்குறையக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டினார். மூன்றாண்டுக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டி அந்தச் சைக்கிள்தான். ஆனால் அதிலும் ஒரு தொல்லை இருந்தது. எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நின்று, அவர் கடந்து சென்ற பிறகே மீண்டும் ஏறவேண்டும். துரைக்கு மட்டுமன்று, தோட்டத்து அலுவலர்களுக்கும் அப்படித்தான். மழைக்காலத்தில் துரையின் காடி தெறிக்கும் செம்மண் சேறு, இறங்கி நின்றவரின் வேட்டியில்தான் விழும்.

இது கிழவர்கள் திண்ணையில் மிகைப்படுத்திச் சொல்லும் கதை என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள், கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி என்பவற்றோடு, துரையையும் அலுவலரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒன்று. பத்துக் காசு கூலி உயர்வுக்காகப் போராடியவர்கள், இருக்கையை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையையும் அதே தாளில் எழுதினார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தாத்தா அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். முதுமையில் தோட்டத்துச் சாலையில் எந்தக் காடியின் ஓசை கேட்டாலும் அவர் கால் தானாகப் பெடலிலிருந்து நழுவும். பாட்டி அதைச் சொல்லிச் சிரிப்பார். அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

மாணவர்க்குப் பயன்படும் என்பதால் இன்னொரு செய்தியையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனம் காடிகளைப் பொருத்துவதற்கென்று ஒரு தொழிற்சாலையை 1941ஆம் ஆண்டில் திறந்தது. தென்கிழக்காசியாவில் அந்நிறுவனத்தின் அத்தகைய முதல் தொழிற்சாலை அது. சில திங்கள்களுக்குள், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அதே கட்டடத்தில்தான் ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜப்பானியரிடம் சரணடைந்து கையொப்பமிட்டார். ஆள்வோர் மாறினார்கள். எங்கள் தாத்தாவின் சைக்கிள் ஜப்பானியர் காலத்தில் பறிபோயிற்று.

நான் பிறந்தது 1969ஆம் ஆண்டில். என் இளமையில் எங்கள் தோட்டத்தில் மூன்று காடிகளே இருந்தன. துரையின் லேண்ட் ரோவர் ஒன்று. சின்னத் துரையினுடையது ஒன்று. பெரிய கிராணியின் மோரிஸ் மைனர் ஒன்று. அந்த மோரிஸ் மைனரின் வளைந்த முகப்பைப் பார்த்து நாங்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராணி அதைக் கழுவும்போது வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சிறுவர்களிடையே போட்டி நடக்கும். எனக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூடும் பேறு கிடைத்தது. மற்றவர்கள் பட்டணம் போகவேண்டுமானால் இரண்டு கல் நடந்து பெரிய சாலைக்கு வந்து பேருந்துக்குக் காத்திருக்கவேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தோட்டத்து லோரி கிடைக்கும். பால் ஏற்றும் லோரிதான்; கழுவிவிட்டுப் பலகை போட்டால் ஆட்கள் ஏறலாம். பட்டுச் சேலையில் ஒட்டுப்பால் நாற்றத்தோடு மணவீட்டுக்குப் போன தலைமுறை எங்களுடையது.

1978ஆம் ஆண்டில் ஓர் இரவு என் சித்திக்குப் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். லோரி ஓட்டுநர் பட்டணத்துக்குப் போயிருந்தார். லோரியை எடுக்க அனுமதி கேட்கவேண்டிய அதிகாரியின் வீட்டில் விளக்கு இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கிராணி நல்ல மனிதர். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். ஆனால் மழையில் நின்றிருந்த மோரிஸ் மைனர் கிளம்ப மறுத்தது. எட்டுப் பேர் தள்ளினார்கள். லயத்துப் பெண்கள் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. காடி கிளம்பியபோது மணி நான்கு. சித்தி பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டுக்கு அப்பாவும் சித்தப்பாவும் வழக்கம்போலப் போனார்கள். சொந்தக் காடி என்பது பிறருக்கு எப்படியோ, எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது சொகுசுப் பொருளாக எண்ணப்படவில்லை. நடுச்சாமத்தில் யார் வாசலிலும் நின்று கேட்காமல் வெளியே போகும் வழி அது.

எழுபதுகளின் இறுதியில் லயங்களுக்கு மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. சிறிய ஹோண்டா வண்டிகள். தவணையில் கிடைத்தன. காண்டா வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு நிரைக்குள்ளேயே ஓட்டிச் சென்றார்கள். அப்பாவும் ஒன்று வாங்கினார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு கோழி என்று அதில் ஏற்றாத பாரம் இல்லை.

1985 ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் துணையோடு ஷா ஆலமில் செய்யப்பட்ட முதல் தேசியக் காடி. அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர், திறப்புவிழாக் காணவிருந்த பினாங்குப் பாலத்தின்மேல் அதை ஓட்டிச் சென்ற படத்தை நான் பள்ளி நூலகத்து நாளிதழில் பார்த்தேன். சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் சிவந்த விதையை நம்மவர் ஆனைக்குன்றிமணி என்றும் மஞ்சாடி என்றும் சொல்வர். தோட்டத்துக் கோயிலின் பின்புறம் அந்த மரம் ஒன்று நின்றது. அதன் விதைகளைப் பொறுக்கிப் பல்லாங்குழி ஆடிய எங்களுக்கு, நாட்டின் காடிக்கே அந்தப் பெயர் வைத்தது ஏனோ பெருமையாக இருந்தது. அதற்குமுன் வெளிநாட்டுக் காடிகளின் விலையைக் கேட்டு விலகி நின்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் தாதியரும் ஓட்டுநர்களும் முதன்முதலாகக் காடியுடையவர் ஆனார்கள். 1994ஆம் ஆண்டில் இன்னும் சிறியதான கஞ்சில் வந்தபோது அந்த வட்டம் மேலும் விரிந்தது.

நான் வாங்கியது 1986ஆம் ஆண்டுச் சாகா. ஒன்பதாண்டு ஓடியது, எனக்கு மூன்றாம் கை. ஆசிரியச் சம்பளத்தில் சேர்த்தது கொஞ்சம், அம்மா கட்டிய சீட்டுப் பணம் கொஞ்சம், மீதி கடன். விற்றவர் ஓட்டக்கணக்கைக் குறைத்துக் காட்டியிருந்தார் என்பது மூன்றே வாரத்தில் தெரிந்தது. மேட்டில் ஏறினால் தண்ணீர் கொதித்தது. காப்பி இயந்திரம் என்ற பழைய பட்டப்பெயரை எங்கள் காடிக்கும் வைத்திருக்கலாம். இரண்டு பாட்டில் தண்ணீர் இல்லாமல் நான் எங்கும் புறப்பட்டதில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை போட்டோம். பூசாரி முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான்கு டயர்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. நான் ஏறி உட்கார்ந்து விசையைத் திருகப் போகையில் அப்பாவைக் காணவில்லை. பார்த்தால் அவர் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, டயரின் வரிகளில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் வெட்டின் ஆழத்தை அவர் பார்ப்பது அப்படித்தான்.

"ஏம்பா, இந்த அஞ்சு டயருலயும் சேத்து நம்ம பாலு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. பழம் நசுங்கக் காடி நகர்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணக்கு ஆசிரியன் நான். தெரியாது என்று விட முடியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் ஒருவாறு கணக்கிட்டேன். அந்த அளவுச் சிறு காடியின் டயர் ஒன்று ஏறத்தாழ ஏழு கிலோ எடை. அதில் பெரும்பகுதி செயற்கை ரப்பரும் கரிப்பொடியும் கம்பியும் நூலும். இயற்கை ரப்பர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து ஐந்து டயர்களுக்கும் ஏழு கிலோ இயற்கை ரப்பர். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே இருபத்தொரு கிலோ பால்.

மாலையில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நிரைக்கு ஐந்நூறு மரம் வெட்டியவர். கண்ணை மூடிச் சிறிது நேரம் கணக்குப் பார்த்தார்.

"மரம் நல்ல மரமா இருந்து, மழையும் இல்லாட்டி, பத்து மணிக்குள்ள எடுத்திருவேனே!" என்றார்.

ஒரு நாள் வேலைகூட இல்லை. தாத்தா வந்திறங்கியது 1937. காடி வாசலுக்கு வந்தது 1995. இடையில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள். அப்பா அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, டயருக்குக் காற்றுக் குறைவாக இருப்பதாகச் சொன்னார். காற்று உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது.

அந்த முதலாண்டில் மட்டும் இரவு நேரத்தில் பதினொரு முறை மருத்துவமனைக்குப் போனேன். எண்ணிக்கை எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், அப்பா நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்தார். சன்னல் கதவை யாராவது தட்டுவார்கள்; எனக்கு முன்பே அப்பா எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு நிற்பார். பிரசவம் நான்கு, பாம்புக்கடி ஒன்று, மாரடைப்பு இரண்டு, மற்றவை காய்ச்சலும் விபத்தும். பெட்ரோலுக்கென்று யாராவது பணம் நீட்டினால் வாங்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. மாதக் கடைசியில் அந்தக் கட்டளை எனக்குக் கசந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முதல் பிரசவத்துக்குப் போனபோது, கேளாமலேயே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் சித்தப்பா. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. தாயும் பிள்ளையும் நலம் என்று தாதி சொன்ன பிறகு, வெளியே வந்து காடியின் முகப்பைத் தன் துண்டால் துடைத்தார்.

எங்களுக்குக் காடி வந்த காலத்தில் ரப்பர் போய்க்கொண்டிருந்தது. உலக ரப்பர் உற்பத்தியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த மலேசியா, 1990களின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. கித்தா நின்ற நிலத்தில் செம்பனை ஏறியது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. எங்கள் தோட்டம் 1998ஆம் ஆண்டில் கைமாறியது. லயத்தைக் காலி செய்ய அறிவிப்பு வந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டின் பொருள்களை அந்தச் சாகாவில் ஆறு நடையில் ஏற்றி முடித்தேன். ஆறாம் நடையில் ஏறியவை அம்மாவின் அம்மிக்கல்லும், அப்பாவின் உளியும், சாமி படங்களும். காடி இருந்ததால் எங்களுக்கு அது எளிதாயிற்று. இல்லாதவர்கள் லோரிக்குப் பணம் கொடுத்தார்கள். சிலர் பாதிப் பொருளை விட்டுவிட்டே போனார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நான்கு திசைக்கும் சிதறினார்கள். எஞ்சிய சில குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் வேலையையும் அந்தச் சாகா ஓராண்டு செய்தது. பின்னிருக்கையில் ஆறு பேர் வரை உட்கார்ந்தார்கள். சட்டப்படி அது தவறு. இன்று என் பள்ளி ஆசிரியர் ஒருவர் அப்படிச் செய்தால் நான் கண்டிப்பேன்.

2004ஆம் ஆண்டில் அதை விற்றேன். அதிக விலை போகவில்லை. வாங்க வந்தவர் அண்டைத் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் மகன்; தொழிற்சாலையில் வேலை. அவர்கள் வீட்டுக்கும் அதுவே முதல் காடி. தண்ணீர் கொதிக்கும் என்பதை முதலிலேயே சொல்லி இரண்டு பாட்டில்களையும் கொடுத்தேன். அவருடன் வந்திருந்த தகப்பனார், என் அப்பாவைப் போலவே விரல் காய்த்த மனிதர், சக்கரத்தின் அருகே குந்தினார். அப்பாவும் போய்ப் பக்கத்தில் குந்தினார். இருவரும் டயரை அழுத்திப் பார்த்து, எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் பால் அதிகம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். காடியை எடுத்துச் செல்ல அந்த இளைஞர் அரைமணி நேரம் காத்திருந்தார்.